அந்த டிரான்ஸ்ஃபார்மரை அங்கேயே விட்டுவிட்டு வா

பெருங்களத்தூர்
ஏப்ரல் 27

அன்பு மகள் சின்மயிக்கு,

அம்மா எழுதுவது. ஹாம்பர்க் குளிரில் நீ சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நாங்கள் முழுசாக இருக்கிறோம், அதிலும் உன் அப்பா முழுசாக இருக்கிறார் என்று எழுதும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. போனில் பேசினால் பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

மாடியில் கொத்தமல்லி வளர்க்கிறேன் என்று ஒரு மாதமாக ஏறி இறங்கினாரே, அங்கே வளர்ந்தது கொத்தமல்லி இல்லை. தண்ணீரைப் பிரித்து அடுப்பெரிக்க வாயு எடுக்கிறாராம். மாடியில் இருக்கும் பொது பிளக்கிலிருந்து நேராகக் கரண்ட் எடுத்து, நாலு டையோடும் பழைய டிவியில் கழற்றிய கெப்பாசிட்டரும் மாட்டி, முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் விட்டிருக்கிறார். போன செவ்வாய் வாளி சாய்ந்து, ஒரு கம்பி பிடுங்கிக்கொண்டு, ஈரத் தரையில் கரண்ட் கசிந்து டிரிப் சுவிட்ச் விழுந்தது, கூடவே லிஃப்டும் நின்றது. உள்ளே நம் அசோசியேஷன் செயலாளர் சரோஜினி, கையில் வடாம் கூழ்க் குண்டானோடு. ஹேமநாத் சார், நீங்க கொத்தமல்லிக்குத் தண்ணி ஊத்தினா லிஃப்ட் ஏன் சார் நிக்குது என்று அவர் உள்ளிருந்து கத்தியது மூன்று மாடிக்கும் கேட்டது.

எலக்ட்ரீஷியன் அப்துல் ரசாக் வந்து அவரை வெளியே எடுத்தார். பிறகு நாங்கள் மாடிக்குப் போனால், பிளக்கைப் பிடுங்கியாயிற்றே என்று அப்பா அந்தக் கெப்பாசிட்டரைத் தொடக் குனிந்துகொண்டிருந்தார். ரசாக் காலரைப் பிடித்து இழுத்தார். பிறகு ஒரு பல்பின் இரண்டு ஒயரையும் அதில் வைத்துக் காட்டினார், பிளக் இல்லாமலேயே பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. இன்னா சார், எமனுக்குப் பத்திரிகை வச்சிகினு கீறீங்க, அதுவும் பொதுக் கரண்ட்ல என்றார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும். குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினவுடன் உள்ளே ஆவி இல்லை என்று யாராவது மூடியைத் திறப்போமா? போதாததற்குத் தண்ணீரில் கல்லுப்பு வேறு, அதில் நெஞ்சை எரிக்கும் வாயு வரும். வருகிற வாயுவையெல்லாம் ஒரே மூடிக்குள் சேர்த்துப் பிடித்திருந்தால் ஒரு சின்னப் பொறி போதும்.

இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். முந்தாநாள் நீ போனில், அப்பா கேட்ட பழைய மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்துவிட்டது, சூட்கேஸில் வைத்துவிட்டேன் என்றாயே, உடனே ஜன்னலில் காக்கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கண்ணு, அது இரண்டாயிரம் வோல்ட். அதில் கை பட்டால் ரசாக் வந்து இழுத்தாலும் பயனில்லை. தண்ணீரைப் பிரிக்க இரண்டு வோல்ட் போதும். ஒரு படி ஏற ஒரு படி உயரம் காலைத் தூக்கினால் போதாதா, மாடி உயரம் குதித்தால் கால் ஒடிவதுதான் மிச்சம். முப்பது வருஷம் எட்டாம் வகுப்புக்குச் சொன்னதை வீட்டில் சொல்ல விட்டுவிட்டேன்.

அதனால் நேற்று நானே பாடம் எடுத்தேன். ஒரு கண்ணாடி டம்ளர், கொஞ்சம் ஆப்ப சோடா, இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. சந்திரிகா இங்க பாரேன், ஒரு பென்சில்ல மட்டும் ரெண்டு மடங்கு குமிழி வருது என்று காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தார். சரோஜினியையும் பார்க்கக் கூப்பிட்டார், அவர் படிக்கட்டு வழியாகத்தான் வந்தார்.

ஆனாலும் அந்தப் பெட்டி வந்து இறங்கினால் அவர் மனசு மறுபடி மாடியேறிவிடும். நீ நல்ல உடம்போடு, நல்ல மனசோடு, அடுத்த மாதம் பத்திரமாக வந்து சேர வேண்டும். சூட்கேஸில் காலியாகும் இடத்தில் உன் அப்பாவுக்கு ஒரு டப்பா பென்சில் வை. இதைத் தபாலில் போடப்போவதும் அவர்தான். உள்ளே என்ன என்று கேட்டார், உன் கல்யாணப் பேச்சு என்றேன், பிரிக்க மாட்டார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
சந்திரிகா