பாக்கெட்டில் கிடைத்தது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முதலில் பயப்படாதே, எல்லாரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலியும் அதன் போக்கில் சுகமாக இருக்கிறது. போன் செய்தால் "வேலையா இருக்கேம்மா" என்று இரண்டே வார்த்தையில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதல்லவா? இன்று நம் சலவைக் கடையில் நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும்!

உன் தம்பி மூன்று வாரமாகக் கடைக்கு வருகிறான். சிகிச்சை முடித்து அனுப்பும்போது டாக்டரம்மா, "சும்மா உட்கார வைக்காதீங்க, கைக்கு ஒரு வேலை குடுங்க" என்று சொன்னார். இஸ்திரிப் பெட்டி பக்கமே அவன் போவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அதனால் துவைக்க வரும் துணிகளின் பாக்கெட்டைப் பார்க்கும் வேலையைக் கொடுத்தேன். நம் கடை வழக்கம் தெரியுமே, பாக்கெட்டில் எது கிடைத்தாலும் கவரில் போட்டு, பெயரெழுதி, உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும்.

அந்த வழக்கத்தால் நான் செய்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. உன் தம்பியின் ஜீன்ஸில் கிடைத்த பொட்டலத்தைச் சளிக்கு வாங்கிய ஏதோ காய்ந்த இலை என்று நினைத்து, கவரில் போட்டு, முத்து முத்தாக அவன் பெயரையும் எழுதி, அவன் மேசையிலேயே வைத்தேனே! அதுவும் ஒரு தடவையா, நான்கு தடவை! அது கஞ்சா என்று நீ சொன்னதற்கு, தம்பி மேல் பழி போடுகிறாய் என்று உன்மேல் எரிந்து விழுந்தேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் நீ பார்த்ததுதான். பரீட்சையில் கோட்டை விட்டான். துவைக்கிற மெஷின் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்றான். காபியில் நீ விஷம் கலக்கிறாய் என்று சூடான இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வீசினான். உன் கை வெந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. நீ சொன்னது சரி, நான்தான் தப்பு. இதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது, பார்.

சரி, இன்று நடந்ததற்கு வருகிறேன். காலையில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில், "அம்மா, இங்க வா" என்று கூப்பிட்டான். விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பெண்ணின், குளிருக்குப் போடும் ஜாக்கெட் அவன் மடியில் கிடந்தது. உள்ளங்கையில் ஒரு பொட்டலம். அதே பொட்டலம்! எனக்கு உயிரே போய்விட்டது. போர்வை மடித்துக்கொண்டிருந்த உன் அப்பா போர்வையோடு அப்படியே நின்றுவிட்டார். உன் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? "சீக்கிரம் வாங்கிக்கோம்மா, என் கையில இருக்க வேணாம்" என்றான். ஒளிக்கவில்லையடி! அவனே கூப்பிட்டுக் கொடுத்தான்! கழிப்பறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதோடு விட்டானா? கடை வழக்கப்படி கவர் போயாக வேண்டும் என்று ஒரு கவரை எடுத்தான். சிகிச்சை மையத்தின் அட்டையை உள்ளே வைத்து, ஒரு சீட்டும் எழுதினான். "உங்க பொட்டலத்தைக் கொட்டிட்டோம். கோபம் வந்தா என்கிட்ட வந்து திட்டுங்க. நானும் விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். கடைசியில சொந்த அக்காவையே எதிரின்னு நினைச்சேன்." சாயங்காலம் அந்தப் பெண் வந்து, நின்ற இடத்திலேயே படித்தாள். முகம் சிவந்துவிட்டது. துணியை வாங்கிக்கொண்டு போனாள். ஆனால் கவரைக் கசக்கி எறியவில்லை, பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு வாடிக்கை போச்சு என்று அப்பா முனகினார். முனகும்போதே சிரிப்பு வந்துவிட்டது மனுஷனுக்கு.

ரொம்பவும் குதிக்காதே என்று நீ சொல்வது காதில் விழுகிறது. அவன் மாத்திரையை நிறுத்தவில்லை. இந்த வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் சிலரைக் கஞ்சா இப்படித் தலைகீழாக்கிவிடுமாம். யாரை என்று முன்கூட்டியே தெரியாதாம். மறுபடி தொட்டால் மறுபடியும் வரலாம் என்றார் டாக்டரம்மா. எல்லாம் தெரியும். இன்றைக்கு ஒருநாள் குதித்துக்கொள்கிறேனே!

இன்னொன்று. இதை எழுத உட்காரும் முன் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பாக்கெட்டில் நான்காய் மடித்த ஒரு காகிதம் இருந்தது. மடிப்பெல்லாம் நைந்திருக்கிறது, பல நாளாகச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்திருக்கிறான் போல. மேலே "அக்காவுக்கு" என்று எழுதியிருந்தது. நல்லவேளை, தண்ணீரில் போடவில்லை. எடுத்தது அவனுக்குத் தெரியாது, திட்டினால் திட்டட்டும். உரியவரிடம் சேர்ப்பதுதானே நம் வழக்கம், இதோ கடைக் கவரில் உன் பெயரெழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சத்தியமாக நான் படிக்கவில்லை. முதல் வரி மட்டும் கண்ணில் பட்டுவிட்டது, அதற்கு நான் என்ன செய்ய? "அக்கா, கை இன்னும் எரியுதா?" என்று கேட்டிருக்கிறான்.

என் கண்ணே, நீ நல்லா இருக்கணும். எனக்குப் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. அவன் கேட்டதற்கு மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.

உன் பேச்சைக் கேட்காமல் போன,
அம்மா