படலையடியில் சொன்ன சொல்

மலாயாவில் இருக்கும் என் அவருக்கு,

மகளின் படிப்புக்காகத் தெல்லிப்பழையை விட்டு யாழ்ப்பாணப் பட்டினத்தில் வாடகை வீடெடுத்து ஒரு மாதமாகிறது. இங்கே எல்லாரும் யுத்தத்தைப் பற்றியே கதைக்கிறார்கள். அடுத்த வீட்டு ஹலீம் நானா பேப்பரை நம்பமாட்டார். "உதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதுவிக்கிறது. றேடியோவைக் கேளுங்கோ" என்பார்.

போன வெள்ளி மாலை, மலாயாவைப் பிடித்த யப்பான்காரர் அங்குள்ள எங்கள் ஆட்களை ஊருக்குச் செய்தி சொல்லவிடும் அந்த றேடியோவில் நீங்கள் பேசினீர்கள். உங்கள் பெயர், ஊர், பிறகு, "சுகமாயிருக்கிறன். சரி, நான் போறன்."

நானா வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். நான் மட்டும் எழுந்து வந்தேன். "போறன்" என்று சொல்லிப் புறப்பட்டவர் திரும்பமாட்டார் என்று, எப்போதும் "வாறன்" என்றே என்னைச் சொல்லவைத்தவர் நீங்கள்தானே?

இதை நான் எவருக்கும் சொல்லவில்லை. மகள் அன்று பாட்டு வகுப்பில் இருந்தாள், றேடியோ கேட்கவில்லை.

இன்று காலை பள்ளிக்கூடம் புறப்பட்டவள், "அம்மா, நான் போறன்" என்றாள்.

"ஆர் உனக்கு உப்பிடிச் சொல்லித் தந்தது?" என்று அதட்டினேன்.

"கலியாணப் படத்திலை உங்களோடை நிக்கிற ஐயாதான். வாசல் படலையடியிலை நிண்டு சொன்னவர்."

மலாயாவுக்குத் தபால் போவதில்லை. இந்த வீட்டு விலாசத்தை நான் உங்களுக்கு இன்னும் எழுதவேயில்லை.

இப்படிக்கு,
படலையைப் பூட்டாமல் வைத்திருக்கும்
உங்கள் மனைவி