சத்தம் போன இடம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன். என் முழங்கால்கூட இப்போது சமர்த்தாக இருக்கிறது. அம்மாவுக்குக் காது போய்விட்டது, வேலையை விட்டுக் கூட்டிவர வேண்டும் என்று நீ சொன்னதாக உன் சித்தி எழுதியிருக்கிறாள். தவறு. போனது இந்த விடுதி அலுவலகக் கணினியின் சத்தம்.

ஞாயிறன்று திரையில் உன் உதடுகள் மட்டும் அசைந்தன. தொட்டிக்குள் நீந்தும் மீனைப் பார்ப்பதுபோல் சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசுகிறவரை இடைமறிக்கக் கூடாதென்று கான்வென்ட்டில் பழகியவள். கேட்கவில்லை என்று சொல்லாமல் தலையாட்டி வைத்தேன்.

மறுநாள் கணினியில் சத்தமே வரவில்லை என்றதும் விடுதிக் கணக்கர், "வயசாச்சுல்லம்மா, காது டாக்டரப் பாருங்க" என்றார். ஒரு பாட்டை ஓடவிட்டு ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். அவருக்கும் கேட்கவில்லை.

"அடடா, உங்களுக்கும் வயசாயிடுச்சா சார்?" என்றேன்.

பிறகு வயரைச் சரிபார்த்து, கணினியை இயக்கும் லினக்ஸின் ஒலி அமைப்பைத் திறந்தேன். பாட்டை மறுபடி ஓடவிட்டதும் அங்கே ஒரு பச்சைக் கோடு மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கியது. சத்தம் சாகவில்லை, புதிதாக மாட்டிய, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. மானிட்டருக்குப் பதில் ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தேன். மழை பிடித்ததுபோல் பாட்டு காதில் இறங்கியது.

அதுமுதல், கண்ணை மூடினால் உன் உதடுகள்தாம் அசைகின்றன. கடைசியில் நீ கண்ணைத் துடைத்தாய். நானோ சிரித்துத் தலையாட்டினேன்.

உன் வீட்டில் விட்டுவந்த என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

அன்று என்னிடம் என்ன சொன்னாய் என்று எழுது. ஃபோனில் வேண்டாம், மறுபடியும் தலையாட்டிவிடுவேன். கடிதமாக எழுது.

அம்மா