மைக்கைத் தட்டியவனுக்கு

போன ஞாயிறு மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பந்தலைத் தாண்டிப் போனேன். பழைய ஆம்ப்ளிஃபயர் சூடேறி, அதன்மேல் படிந்த தூசி கருகும் வாசனை. சட்டென்று நீ வந்துவிட்டாய், குரு. செத்துப்போய் இத்தனை வருஷம் கழித்தும் இப்படி வழிமறிக்கிற தைரியம் உனக்குத்தான் வரும்.

பகலில் ஹெப்பாள் ஃபாக்டரியில் நமக்கு ஒரே ஷிஃப்ட். சாயங்காலமானால் நீ மைக் செட்காரன். நான் யாரும் கேட்காத ராப்காரன். தொண்ணூறுகளின் மைசூரில் ராப் என்றால் என்னவென்று முதலில் விளக்கம் சொல்ல வேண்டும். கம்பெனி பஸ், மார்க்கெட் மூட்டைக்காரர்கள் என்று கன்னடமும் தமிழும் கலந்து நான் எழுதியதை முதலில் கேட்டவன் நீ. "சினிமாப் பாட்டு யாரு வேணா பாடுவாங்க குரு. இது நம்ம கதை, நம்ம ஊரு கேக்கணும்" என்றாய். நீ எனக்குக் குரு, நான் உனக்குக் குரு; மைசூர் சிநேகிதர்கள் கூப்பிட்டுக்கொள்வது அப்படித்தானே.

கணபதி விழா ஆர்கெஸ்ட்ராவில் பாடகர்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் மிமிக்ரி வைப்பது வழக்கம். என்னை மிமிக்ரிக்காரன் என்று கமிட்டியிடம் புளுகி மேடை ஏற்றினாய். கூட்டம் நடிகர் குரலுக்குக் காத்திருந்தது. இன்று எடுபடாவிட்டால் இந்த ஆசையை மூட்டை கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நீ வேறு வழக்கம்போல் எக்கோவை ஏகத்துக்குத் திருகி வைத்திருந்தாய். என் முதல் வரிகள் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி கேட்டன.

அப்போது பார்த்துக் கரண்ட் போனது. ஆம்ப்ளிஃபயரைப் பேட்டரியில் கொடுத்திருந்தாய். என் தாளம் ஓடிக்கொண்டிருந்த டேப் ரிக்கார்டரை மறந்துவிட்டாய். தாளம் நின்றுபோய் என் குரல் மட்டும் அநாதையாகக் கேட்டது. கமிட்டித் தலைவர் எழுந்து, என்னை இறக்கச் சொல்லி உனக்குக் கை காட்டினார். நீ அந்தப் பக்கமே திரும்பவில்லை. இன்னொரு மைக்கை எடுத்து, டெஸ்டிங் பார்க்கும்போது தட்டுவாயே, அதேபோல் விரலால் தட்ட ஆரம்பித்தாய். டக், டடக், டக். அதைப் பிடித்துக்கொண்டு நான் மேலே போனேன். தங்கள் கதையைக் கேட்டு, கூட்டத்திலிருந்த மார்க்கெட் மூட்டைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு உன்னோடு சேர்ந்து கைதட்டினார்கள். முடித்ததும் "இன்னொந்து ஹேளு" என்று கத்தினார்கள். இன்னொன்று என்னிடம் இல்லை. அழுதுகொண்டே அதையே மறுபடி சொன்னேன்.

அடுத்த வருஷம் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. நீ பொய் சொன்ன கோபத்தில் மைக் செட்டை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. நீ இல்லாமல் ஏற மாட்டேன் என்று நான் முறுக்கிக்கொண்டேன்.

"ஏறு குரு. இத்தன நாளா வால்யூமையே பாத்துட்டிருந்ததுல, உன் பாட்ட முழுசா கேட்டதே இல்ல நான்" என்றாய்.

அன்று புதுச் சட்டை போட்டு வந்து, இடது பக்க ஸ்பீக்கர் அருகே கைகட்டி நின்று முழுசாகக் கேட்டாய்.

இப்போது மைசூரில் சொந்தமாக எழுதிப் பாடும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு நான் அங்கிள். கூப்பிட்டால் நானும் ஏறுகிறேன். முதல் வரிக்கு முன் கண் தானாக இடது பக்கம் போகிறது. நீ போனபின் அந்த இடம் காலியாகக் கிடக்கும் என்று பயந்திருந்தேன். ஒரு நாளும் காலியாக இல்லை, குரு. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அங்கே நின்று கேட்கிறார். அவருக்காகத்தான் பாடுகிறேன்.