காய்ச்சல் விட்ட பிறகு

ஆரியசாலை, திருவனந்தபுரம்
12 செப்டம்பர் 2022

அன்புள்ள விஜயம் அக்காவுக்கு, சீதாலக்ஷ்மி எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதமா என்று திகைக்காதே. பேசினால் பாதியில் வார்த்தை நழுவிவிடுகிறது. எழுதினால், அது திரும்பி வரும்வரை காத்திருக்கலாம். ஆதிரா காதிலும் விழாது; அம்மாவுக்கு என்னவோ என்று அவள் பயப்பட வேண்டாம்.

ஜனவரியில் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் நம் இரண்டு பேருக்கும் கொரோனா வந்ததே, எனக்குக் காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. மற்றது எதுவும் விடவில்லை. குளித்துவிட்டு வந்தால் அரைமணி படுக்க வேண்டியிருக்கிறது. மாடி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது.

செவ்வாயன்று மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் வேறு அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாகக் கைக்குப் பழகிய அலமாரி! ஓடிப்போய் அதைத் திருப்பி வாங்கியவள், மூச்சு வாங்கி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி மஹேஷுக்குத் தெரியாது.

அம்மாவுக்குக் கடைசியில் வந்த மறதிதானா இது? எனக்கு நாற்பத்தாறுதானே ஆகிறது, அக்கா.

பயத்துடன்,
சீதா

நாகர்கோவில்
19 செப்டம்பர் 2022

அன்புத் தங்கை சீதாவுக்கு,

ஸ்கேன், ரத்தம், இ.சி.ஜி. எல்லாம் நார்மல் என்று நீதானே போனில் சொன்னாய்? பிறகு என்ன? எல்லாம் டென்ஷன். எனக்கும்தான் அதே காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்காமலா இருக்கிறேன்?

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. முதலாளியிடம் வாயைத் திறக்காதே. வேலை போனால் ஆதிராவை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வாய்? அம்மா பேச்சை இனி எடுக்காதே.

உன் நல்லதையே நினைக்கும்
விஜயம்

ஆரியசாலை
7 அக்டோபர் 2022

அக்கா,

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சுடலைமாடத்தி என்று ஒரு பாட்டி, மாதாமாதம் நம் கடையில்தான் பிரஷர் மாத்திரை வாங்குவார். சீட்டில் ஐந்து மில்லிகிராம் என்றிருக்க, நான் பத்து கொடுத்திருக்கிறேன். மூன்றாம் நாள் தலைசுற்றி விழுந்துவிட்டார். தலையில் ஆறு தையல். மருமகள் அட்டையோடு வந்து, "சேச்சி, நீங்க தந்த மருந்தல்லே இது?" என்று கேட்டாள். சண்டைகூடப் போடவில்லை.

அங்கேயே மஹேஷிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சேச்சி இனி கவுண்டர்ல நிக்கண்டாம்" என்று என்னை அங்கிருந்து விலக்கிவிட்டார். பாட்டியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உயிருக்கு ஆபத்தில்லை. என்னை அடையாளம் கண்டு சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அங்கேயே ஒரு டாக்டரம்மாவிடம் என்னையும் காட்டினேன். "இது உங்க தோணல் இல்லை. இந்தக் காய்ச்சல் வந்து போன நெறைய பேருக்கு இப்படி உண்டு. டெஸ்ட்ல தெரியலைன்னா, இல்லைன்னு ஆகாது" என்றார். ஒன்பது மாதத்தில் என்னை நம்பிய முதல் ஆள். அழுதுவிட்டேன். எப்போது சரியாகும் என்று கேட்டேன். "அது எனக்கறியாது. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். களைத்துப்போகும் முன்பே ஓய்வெடுக்க வேண்டுமாம். முட்டி மோதினால் இன்னும் மோசமாகுமாம்.

பாட்டி செத்திருந்தால்? அந்த நினைப்பு விடவே மாட்டேன் என்கிறது. அக்கா, நீ என்னை நம்பியிருக்கலாம்.

சீதா

நாகர்கோவில்
13 அக்டோபர் 2022

என் சீதாவுக்கு,

இதை நான்கு நாளாக எழுதுகிறேன். கிழித்தது போக மிஞ்சியது இது.

உன் முதல் கடிதம் வந்தபோதே நீ சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். ஜூலையில் போர்டில் ஒரு கணக்கை ஆரம்பித்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. அடுத்த படி என்ன என்று தெரியவில்லை. நீது என்கிற பெண் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி முடித்தாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை, சீதா. பயந்துபோய்ப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பதில்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

உன்னை நம்பினால் என்னையும் நம்ப வேண்டியிருக்கும். அதனால்தான் டென்ஷன் என்றேன். அந்தப் பாட்டியின் தலைத் தையலில் எனக்கும் பங்கிருக்கிறது.

இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை காலை பாசஞ்சரில் வருகிறேன். அந்த டாக்டரம்மாவிடம் என்னையும் கூட்டிப்போ. அந்த வண்டி திருவனந்தபுரத்தோடு நிற்காது, கொல்லம் போகிறது. போன மாதம் தக்கலையில் இறங்க வேண்டியவள், ஊர் வந்தது தெரியாமல் பஸ்ஸில் மார்த்தாண்டம் வரை போய்விட்டேன். நீ பிளாட்பாரத்தில் நின்று, வண்டி வந்ததும் பெட்டி பெட்டியாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. சத்தமாகவே கூப்பிடு, யார் பார்த்தாலும் பரவாயில்லை.

உன் அக்கா
விஜயம்