பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுதல்

கம்பளிநூல் கடை மாடி,
ஹெடன்ஷா.
14 ஏப்ரல் 1988, வியாழன்

அன்புள்ள வில்ஃப்,

நான் நலம். உன் ஏழாவது கடிதத்தையும் கடைக்கார மிஸ் டாட்டர்சால் மேலே கொண்டுவந்து தந்தாள். ஏழு கடிதத்திலும் 'வீட்டுக்கு வா' என்பது ஒரு வரிதான். மீதியெல்லாம் உங்கள் கோல்கீப்பரின் முழங்கால்.

நான் வீட்டை விட்டு வந்தது அந்த உடுப்புக்காகத்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும், பொய்யில்லை. நாடகத்துக்காக ஆறு வாரம் உட்கார்ந்து தைத்த வெள்ளைக் கல்யாண உடுப்பு அது. அதைப் பதினோரு பேரின் சேற்று ஜெர்சியோடு எந்திரத்தில் போட்டாய். இப்போது அதற்கு மஞ்சள்காமாலை. முப்பத்தொரு வருடம் உன் கிளப்பின் ஜெர்சிகளை நான் துவைத்தேன். நீ துவைத்தது ஒரே நாள்.

இங்கே சன்னல் பக்கம் படுக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நீ எனக்குச் சுவர்ப்பக்கம்தான் விட்டாய் என்பது இங்கே வந்த பிறகுதான் உறைத்தது.

திங்கள் காலை பத்து மணிக்கு இந்த மாடி வீட்டை ஒரு வருட வாடகைக்கு எடுத்துக் கையெழுத்துப் போடப்போகிறேன். அதற்குமுன் உனக்கு ஒரு வாய்ப்பு தருகிறேன். நாளை மாலை எங்கள் 'கலங்கரை மணப்பெண்' இசைநாடகத்தை முழுதாக உட்கார்ந்து பார். சனிக்கிழமை உன் ஆட்டத்தை நான் முழுதாக நின்று பார்க்கிறேன். சீட்டு இதோடு இருக்கிறது. மூன்றாம் வரிசை, இடதுகோடி. மேடையிலிருந்து எனக்குத் தெரியும் இடம். மூன்று வருடத்துக்குமுன் இடைவேளையில் நழுவிப்போய்க் காரில் உட்கார்ந்து ரேடியோவில் கால்பந்து கேட்டாயே, அதை நான் மறக்கவில்லை.

முரியல்

*

ஹெடன்ஷா டவுன் கால்பந்துக் கிளப்,
செயலாளர் அறை.
15 ஏப்ரல், வெள்ளி காலை

அன்புள்ள முரியல்,

கட்டாயம் வருகிறேன். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வருகிறேன். ஆட்டத்தில் தின்கிற இறைச்சிப் 'பை' பலகாரத்தை உள்ளே கொண்டுவர விடுவார்களா?

நீ போன பிறகு ஜெர்சிகளை நானேதான் துவைக்கிறேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சேறு நன்றாகப் போகிறது. ஜெர்சியும் பாதி போய்விடுகிறது. நம் நடுத்தடுப்பாளன் பார்னபி போன வாரம் தொப்புள் தெரிய விளையாடினான். எதிரணி ஆட்கள், "என்னப்பா, தங்கச்சி சட்டையா?" என்று கேட்டார்கள். அவன் என்னிடம் வந்து, "அண்ணே, அண்ணி கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாங்க" என்றான்.

நாளை ராம்ஸ்கிளஃப் அணியோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால்தான் இந்தப் பிரிவில் இருப்போம். இல்லாவிட்டால் கீழே இறங்கவேண்டியதுதான். வாசலில் உன் பெயரைச் சொல், விடுவார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நம் ஆட்களோடு நில். நான் அறிவிப்பு ஒலிபெருக்கியில் இருப்பேன்.

கோல்கீப்பரின் முழங்கால் பரவாயில்லை.

உன் வில்ஃப்

*

கம்பளிநூல் கடை மாடி.
16 ஏப்ரல், சனி காலை 8 மணி

வில்ஃப்,

முதல் பாதியில் இருந்தாய். பார்த்தேன். கழுத்துப்பட்டையும் பார்த்தேன். இரண்டாம் பாதியில் திரை விலகியதும் மூன்றாம் வரிசை இடதுகோடி காலி. என் பெரிய பாட்டை ஒரு காலி நாற்காலிக்குப் பாடினேன்.

நீ திருந்துவாய் என்று நம்பியதற்கு என்னைத்தான் சொல்லவேண்டும். நாய் வால் நிமிராது என்று தெரிந்துகொள்ள முப்பத்தொரு வருடம் போதாதா? இன்று ஆட்டத்துக்கு வரமாட்டேன். திங்கள்கிழமை கையெழுத்துப் போடுவேன்.

மு.

*

கிளப்.
அதே சனி, காலை 10 மணி

என் முரியல்,

நான் போகவில்லை. பக்கம் மாறினேன்.

சிரிக்காதே. நாற்பது வருடமாகப் பாதி ஆட்டம் முடிந்ததும் மறுபக்கக் கோலுக்கு நடந்துபோகிறவன் நான். நம் ஆட்கள் எந்தக் கோலில் அடிக்கிறார்களோ அங்கேதானே நாம் நிற்போம். மணி அடித்தது, விளக்கு வந்தது, எல்லாரும் எழுந்தார்கள். என் கால்களும் எழுந்தன. தேநீர் வாங்கிக்கொண்டு பின்சுவரோரமாக நடந்து வலப்பக்கம் போய், பால்கனிக்கு அடியில் காலியாக இருந்த ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அது பாதிரியாருடையதாம்.

அவர் வந்து, "இது நம்ம இடம்னு நெனைக்கிறேன், வில்ஃப்" என்றார்.

"அது முதல் பாதில, சாமி. இப்பதான் பக்கம் மாறிட்டோமே" என்றேன்.

மனிதர் நாடகம் முடியும்வரை தூணோரமாக நின்றார். அவரையே கேள்.

நம்பிக்கை இல்லையென்றால் இதையும் கேள். இரண்டாம் பாதியில் மேடைக் கலங்கரை விளக்கம் சாய்ந்தது. கப்பல்தலைவனின் ஒட்டுமீசை உன் கன்னத்துக்கு வந்துவிட்டது. நீ அதை உன் மீசை போலவே வைத்துக்கொண்டு பாடி முடித்தாய். அப்புறம், பெரிய பாட்டில் மூன்றாம் அடி மறந்து முதலடியையே திரும்பப் பாடினாய். அரங்கில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அந்தப் பாட்டைக் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று குளிர்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். நீ போன பிறகு அந்தக் கதவுப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

உடுப்புக்கு மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை என்று நினைக்கிறேன். மன்னித்துக்கொள். மஞ்சளிலும் நீ அழகாகத்தான் இருந்தாய்.

மூன்று மணிக்கு ஆட்டம்.

வில்ஃப்

*

கம்பளிநூல் கடை மாடி.
17 ஏப்ரல், ஞாயிறு

அன்புள்ள வில்ஃப்,

பாதிரியாரைக் கேட்டேன். "பைத்தியம்னு நெனச்சு விட்டுக்கொடுத்தேன்மா" என்றார். அதனால்தான் வந்தேன்.

வந்து நீ சொன்ன இடத்தில் நின்றேன். முதல் பாதி முழுக்கக் குளிரும் வசவும்தான், கோல் இல்லை. பாதி ஆட்டத்தில் எல்லாரும் நடந்துபோனார்கள். தேநீருக்குப் போகிறார்கள், திரும்பி அவரவர் இடத்துக்கு வருவார்கள் என்று, காலையில்தான் நீ எழுதியிருந்தும், நான் அசையாமல் நின்றேன். நாடகக்காரிக்கு வேறென்ன தெரியும். வந்ததோ ராம்ஸ்கிளஃப் ஆட்கள் அறுபது பேர். அதில் ஒருவர் கேட்டார், "யாரும்மா நீங்க, எங்க கூட்டத்துல?"

"உள்ளூர்க் கிளப் செயலாளரோட சம்சாரம். இப்போதைக்கு" என்றேன்.

"ஐயோ பாவம்" என்று சொல்லித் தன் இறைச்சிப் 'பை' பலகாரத்தில் பாதியைக் கொடுத்தார். நல்ல மனிதர்.

அப்போதுதான் உன் குரல் கேட்டது. ஒலிபெருக்கியை அணைக்காமல், "அட, முரியல் அங்க மாட்டிக்கிட்டாளே" என்றாய். மைதானம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பார்னபி பந்தை விட்டுவிட்டுக் கை அசைத்தான், தொப்புளோடு.

நீ மைதானத்தைச் சுற்றி நடந்துவருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் முதுகுக்குப் பின்னால், மறுபக்கக் கோலில், பார்னபி தலையால் முட்டிப் போட்டான். இந்தப் பருவத்தையே காப்பாற்றிய கோல். நம் ஆட்கள் வானம் இடிகிற மாதிரி கத்தினார்கள். நீ திரும்பிப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, "குளுருதா?" என்றாய்.

எனக்காக ஒரு கோலைப் பார்க்காமல் விட்டவன் நீ. நேற்றிலிருந்து அதையே நினைத்து அழுகிறேன், சிரிக்கிறேன்.

இருந்தாலும் நாளை கையெழுத்துப் போடத்தான் போகிறேன். முப்பத்தொரு வருடம் உன் பக்கத்தில் ஆடிவிட்டேன், வில்ஃப். பாதி முடிந்தால் பக்கம் மாறவேண்டும் என்பது உங்கள் விதிதானே? பெட்டியை எடுத்துக்கொண்டு நீ இங்கே வா. இந்த வீட்டில் துணி துவைக்கும் எந்திரம் கிடையாது. அதைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

உன் முரியல்

*

கிளப்.
18 ஏப்ரல், திங்கள் காலை

அன்புள்ள முரியல்,

ஐந்து மணிக்கு வருகிறேன். பெட்டி ஒன்றுதான். படுக்கையறையில் நான் அடுக்கிவைத்திருந்த மைதானத்து மூலைக்கொடிகளைக் கிளப் கொட்டகைக்கு அனுப்பிவிட்டேன். இனிமேல் ஜெர்சியை அவனவன் வீட்டில் துவைத்துக்கொள்ளவேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியாயிற்று. பார்னபி கண் கலங்கினான்.

அந்தக் கோல் எப்படி இருந்தது என்று யாரையும் கேட்கவில்லை. நீ சொல்.

நான் சுவர்ப்பக்கம் படுத்துக்கொள்கிறேன்.

உன் வில்ஃப்