செம்பி தலை சரித்து நின்ற நாட்கள்

என் அன்புப் பெரியண்ணா,

இந்த எழுத்து உங்களிடம் வந்து சேருமோ தெரியாது. ஆனாலும் செம்பியைப் பற்றி உங்களுக்குத்தான் சொல்லவேண்டும். நுவரெலியாவில் குதிரை பராமரிக்கிற வேலை பார்த்து, வயதாகிப்போன அந்தப் பெட்டைக் குதிரையை எங்கள் உடையார்கட்டுக்கு லொறியில் ஏற்றி வந்தவர் நீங்கள்தானே.

நீங்கள் கண்மூடி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் முடிந்து சில வாரங்களில் அது தொடங்கியது. மத்தியானத்தில் பாலை மரத்தடியில் புல் மெல்லுகிற செம்பி திடீரென நிறுத்துவாள். தலையை இடப்பக்கம் சரித்து, வாய் சற்றே திறந்தபடி அசையாமல் நிற்பாள். யாரோ காதோடு கதைப்பதைக் கேட்பவள்போல. பிறகு பாதி மென்ற புல் உருண்டையாக விழும். ஒருநாள் ஏழு உருண்டைகள் கிடந்தன, பிண்டம் பிடித்து வைத்ததுபோல.

பக்கத்து வளவுச் செல்வராணி அக்கா வேலிக்கு அங்கால் நின்று சொன்னா: “பிள்ளை, உன்ர அண்ணர்தான் வந்து நிக்கிறார். அந்த உருண்டையைக் காகம்கூடத் தொடேல்லை, பாத்தனியே? இந்தக் குதிரையை ஆருக்கும் குடுத்துவிடு.”

புல்லைக் காகம் ஏன் தின்னப்போகிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

பயப்பட்டிருக்கவேண்டும். சந்தோசப்பட்டேன், அண்ணா. தினமும் அவள் தலை சரிக்கும் பக்கம் போய் நின்று உங்களோடு கதைத்தேன். நெல் விளைந்ததைச் சொன்னேன். ஒருமுறை, மிகக் கிட்டவாக, உங்கள் இருமல் கேட்டது. திரும்பினேன். வெயில் மட்டும் நின்றது.

இரண்டு மாதம் போயிற்று. செம்பியின் விலா எலும்புகள் தெரிந்தன. உங்களை நினைத்த துக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் அவள் கன்னத்தைத் தடவினேன். துடித்துப் பின்வாங்கினாள். என் கையில் இரத்தம் கலந்த நுரை.

வவுனியாவிலிருந்து ஒரு மிருக வைத்தியர் வந்தா, இளம் பெண்பிள்ளை. ஊசி போட்டு மயக்கி, வாயைத் திறந்து டோர்ச் அடித்தா. “விரலை வச்சுப் பாருங்கோ அக்கா.” கடைவாய்ப் பல்லின் ஓரம் கத்திபோல இருந்தது. உட்கன்னம் கிழிந்திருந்தது.

“குதிரைக்குப் பல்லு வளர்ந்துகொண்டே இருக்கும். மெல்ல மெல்ல ஓரம் கூராகும். அரத்தால ராவாமல் விட்டால் கன்னத்தை வெட்டும். நோவிலதான் தலையைச் சரிக்குது, அரைக்க ஏலாமல் துப்புது. கடைசியா ஆர் பாத்தது?”

“அண்ணா ஒவ்வொரு வருசமும் மலைநாட்டிலயிருந்து ஆளைக் கூப்பிட்டுப் பாக்கிறவர்” என்றேன். அரமும் வாளியுமாக நீங்கள் அந்த ஆளோடு கொட்டிலுக்குள் போனபோது, குதிரைக்கும் பல் வைத்தியமா என்று சிரித்தவள் நான். ஏன் அன்று எனக்குச் சொல்லித்தரவில்லை? நான் கேட்கவில்லை என்பதாலா?

அரம் பல்லில் உரசிய சத்தம் வளவெல்லாம் கேட்டது. வேலியடியில் நின்ற செல்வராணி அக்கா உள்ளே போய்விட்டா.

புண் ஆறியதும் செம்பி நிமிர்ந்து நின்று தின்றாள். தலை சரியவில்லை. உருண்டை விழவில்லை. அந்த மத்தியானம்தான் நீங்கள் இரண்டாம் தரம் போனீர்கள். கொட்டிலுக்குள் இருந்து அழுதேன். நீங்கள் வேண்டும் என்பதற்காக அவளைப் பட்டினி போட்டிருக்கிறேன், அண்ணா.

அன்று கேட்ட அந்த இருமலும் செம்பியுடையதுதானா என்று வைத்தியரிடம் நான் கேட்கவில்லை. நீங்களாவது சொல்வீர்களா?

வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், அவள் வாயை வைத்தியரிடம் காட்டுவேன். டோர்ச்சை நானே பிடிப்பேன். இது உங்கள்மேல் சத்தியம். இனி அவள் நோவுக்குள் உங்களைத் தேடமாட்டேன்.

உங்கள் கடைசித் தங்கச்சி,
யோகம்